டீ ஆற்றுதல்: செயல்முறை வரைபடவியல் நோக்கில் ஒரு முன்னாய்வு

உலகில் இதுவரை எழுதப்பட்ட ஆய்வுகள் அனைத்தும் ‘இதுவரை யாரும் ஆராயாத’ பொருளையே ஆராய்ந்துள்ளன. இக்கட்டுரையும் அம்மரபை மீறவில்லை.

ஃபிராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் செயல்முறை வரைபடம் பற்றிய கட்டுரையை வைத்தார்கள். கொத்தனார் ஒரு செங்கல்லை வைக்க எடுத்துக்கொண்ட 18 அசைவுகளை ஏறக்குறைய 5 ஆக வெட்டியவர் இந்த ஃபிராங்க்தான். செயல்முறைகளை வரைய இன்று பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் உருப்போடுவது பிபிஎம்என் குறியீடு. அதன் இரண்டாம் பதிப்பு 2011-இல் வந்தது, 2013-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆயிற்று. விளக்க நூல் 500 பக்கம் தாண்டும். இவ்வளவு இருந்தும், பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனி வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையை வரைந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. அக்குறை இன்றோடு தீர்ந்தது.

1. நீச்சல் பாதைகள்

இக்குறியீட்டின்படி கடை ஒரு குளம். அதில் மாஸ்டர், வடை போடுபவர், கல்லாவில் இருப்பவர் என மூன்று ஸ்விம்லேன். வாடிக்கையாளர் தனிக் குளம். ஒரு குளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி போனால் விட்டு விட்டு வரையும் கோடு; முழுக்கோடு போட்டால் தேர்வில் மார்க் போகும். டீ பாதிக்கப்படாது.

2. தொடக்க வட்டம்

‘மாஸ்டர், ஒரு டீ’ என்ற குரலில் செயல்முறை தொடங்குகிறது என்பது பாடப்புத்தகம். ஆனால் ரெகுலர் ஆள் ரோட்டைத் தாண்டும்போதே மாஸ்டர் கிளாஸை வெந்நீரில் அலசிவிடுகிறார். ஆர்டர் பிறக்குமுன் நிறைவேறத் தொடங்கும் ஆர்டருக்கு எந்த வட்டம் போடுவது என்பதில் இன்னும் முடிவு எட்டப்படவில்லை.

3. கேட்வே

பாதை பிரியும் இடம் இது. டீயா காபியா என்றால் சாய்சதுரத்துக்குள் பெருக்கல் குறி: ஒன்றுதான் கிடைக்கும். டீயும் பட்டர் பிஸ்கட்டும் என்றால் கூட்டல் குறி. ‘சர்க்கரை கம்மி, அதுக்காக ரொம்பக் கம்மி வேணாம்’ என்பவருக்குக் குறியீடு வேண்டிக் கமிட்டிக்கு எழுதலாம்.

4. கல்லா

ஆய்வுக்கு முதலாளி அனுமதி தரவில்லை.

5. ஆற்றுதல்

இனி மெய்யான பொருளுக்கு வருவோம். மாஸ்டரின் இடது கை இடுப்பருகே கிளாஸைப் பிடித்திருக்கிறது; வலது கை குவளையோடு தலைக்கு மேல் போகிறது; கண்ணோ பஸ் ஸ்டாப்பில். டீ மேலிருந்து கீழே வந்து, மீண்டும் மேலே போய், மீண்டும் கீழே வருகிறது. அதாவது சரக்கு புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ வகுத்த ஏழு வீண்களில் இடமாற்றம், அசைவு, மிகைவேலை, காத்திருப்பு ஆகிய நான்கும் இந்த ஒற்றைச் செயலில் அடங்கிவிடுகின்றன. ஆகவே ‘டு-பி’ படத்திலிருந்து, அதாவது இனி எப்படி நடக்க வேண்டும் என்று காட்டும் படத்திலிருந்து, ஆற்றுதல் நீக்கப்பட்டது.

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நுரைவாதிகள், சூடுவாதிகள், காட்சிவாதிகள் என மூன்று மரபினர் உள்ளனர். இவர்கள் ஒருவர் கட்டுரையை ஒருவர் படிப்பதில்லை. மேற்கோள் மட்டும் காட்டுவார்கள்.

மூலச் சான்றுகளைப் பார்ப்போம். கடைச் சுவரில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்னும் பலகை ஆற்றுதல் குறித்து மௌனம் காக்கிறது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வர் நுரைவாதிகள். பால் கணக்கு நோட்டின் பதினான்காம் பக்க ஓரத்தில் பென்சிலால் மூன்று கோடுகள் உள்ளன. மும்முறை ஆற்றுக என்பது இதன் பொருள் என்பர் சூடுவாதிகள். மூன்று பாக்கெட் பாக்கி என்பார் பால்காரர். இவர் பட்டம் பெறாதவராதலின் இவர் கூற்று கொள்ளப்படவில்லை. மூன்றாவது சான்றே தலையாயது: மிளகாய் பஜ்ஜி மடித்துத் தந்த நாளிதழ்த் துண்டு, நான்காம் பக்கம், இரண்டாம் பத்தி, வலப்புறம் காய்ந்த பகுதி. அதில் ‘ஆற்றினார்’ என்னும் வினை தெளிவாக இருக்கிறது. எழுவாயும் செயப்படுபொருளும் எண்ணெயில் மூழ்கிவிட்டன. வெயிலில் பிடித்துப் பார்த்த சிலர் ‘அமைச்சர் உரை’ என்று தெரிவதாகச் சொல்லி ஆய்வையே கெடுக்கப் பார்த்தார்கள். சுவடி தெளிவாக இருந்தால் வருந்தும் பெரியோர் நம் கல்விப்புலத்தில் உண்டு என்பதால், அத்துண்டு மேலும் எண்ணெய் தடவிப் பாதுகாக்கப்பட்டுள்ளது.

‘எத்தனை முறை ஆற்றுவீர்கள்?’ என்று களப்பணியில் கேட்கப்பட்டது.

‘பதம் வர்ற வரைக்கும் சார்.’

‘பதம் வந்தது எப்படித் தெரியும்?’

‘கையில தெரியும்.’

ஆவணத்தில் ‘அளவுகோல்: கை’ என்று எழுதப்பட்டது. கையின் நீள அகலம் கேட்டு மேலிடம் அதைத் திருப்பி அனுப்பியது.

பின்னர் ‘டு-பி’ முறைப்படி ஸ்பூனால் கலக்கி ஒரு டீ தரப்பட்டது. மேலே ஆடை கட்டியது, அடியில் சர்க்கரை தங்கியது, வாய் வைக்க முடியாத சூடு. வாடிக்கையாளர் கிளாஸைத் துண்டால் பிடித்துக்கொண்டு ஊதி ஊதி நின்றார். மாஸ்டரின் பாதையில் ஒரு கட்டம் குறைந்தது. காத்திருப்பு வாடிக்கையாளரின் குளத்துக்கு இடம்பெயர்ந்தது. நம் படம் நம் குளத்தோடு முடிவதால் இது முன்னேற்றம் என்றே பதிவாகும். கவுன்டரில் ஓர் ஆளைக் குறைத்துவிட்டுப் படிவத்தை நம்மையே நிரப்பச் சொல்லும் அலுவலகங்கள் எல்லாம் இந்த முறையியலில் நமக்கு முன்னோடிகள்.

6. முடிவு வட்டம்

ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதிப்படி, கடையில் 12 பேர் நிற்க, நிமிடத்துக்கு 4 டீ போனால் ஒருவர் சராசரியாக 3 நிமிடம் இருக்க வேண்டும். நம் கடையில் அப்படி இல்லை. பாதிப்பேர் எப்போதோ குடித்து முடித்து, காலி கிளாஸோடு கூட்டணிப் பேச்சு நடத்துகிறார்கள். செயல்முறை முடிந்தும் ஆள் வெளியேறாததால் தடித்த முடிவு வட்டம் வரைய இடம் கிடைக்கவில்லை. விதியில் பிழையில்லை. மாஸ்டரின் வேகத்தை எண்ணிவிட்டு ஆள் வெளியேறும் வேகத்தை எண்ணாமல் விட்டது அனலிஸ்ட்.

மறுப்புரை எழுத விரும்பும் அறிஞர்கள் எந்த மாலையும் கடைக்கு நேரில் வரலாம். அவரவர் டீக்கு அவரவரே காசு கொடுக்க வேண்டும்.