தானே விழுந்து தானே எழும் கைப்பேசிகள் குறித்து

கைப்பேசிக்கு எந்தக் கோளாறு வந்தாலும், அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போய் நின்றாலும், முதலில் கிடைக்கும் வைத்தியம் 'ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க' என்பதுதான். ஆனால், யாரும் சொல்லாமலே நாளொன்றுக்குப் பலமுறை தானே ஆஃப் ஆகித் தானே ஆன் ஆகும் கைப்பேசியின் முன்னால் அந்த வைத்தியம் வாயடைத்துப் போகிறது, ஏனெனில் அங்கே நோயும் மருந்தும் ஒன்றாகவே இருக்கின்றன. இந்நோய் பெரும்பாலும் சில ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த கருவிகளைப் பற்றுவது. அத்தகைய கருவிகளோ பெரும்பாலும் வீட்டின் மூத்தோர் கையில் இருப்பவை. நிலமும் நகையும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குவது பழைய மரபென்றால், கைப்பேசி பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கு ஏறுவது புதிய மரபு. மகன் புதியது வாங்கும் அன்று, பழையது 'அம்மாவுக்கு இது போதும்' என்ற நற்சான்றுடன், தளர்ந்த பேட்டரியையும் சுமந்துகொண்டு கைமாறுகிறது.

பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டியாகக் கருதி, திரை 40 சதவீதம் என்று காட்டினால் 40 சதவீதத்தையும் மொண்டுகொள்ளலாம் என்று நம்புவது பொதுவழக்கு. உண்மையில் லித்தியம் அயனி பேட்டரியிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, கேட்ட நொடியில் அது எவ்வளவு கொடுக்கும் என்பது வேறொரு கேள்வி. வயதாக ஆக அதன் அகத்தடை, அதாவது மின்னோட்டத்துக்குப் பேட்டரியே உள்ளுக்குள் போடும் முட்டுக்கட்டை, கூடிக்கொண்டே போவதால், திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கப்படும்போது, முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் அளவில் நிற்கக்கூடிய மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே வகுக்கப்பட்டிருக்கும் எல்லையை அது தாண்டி இறங்கியதும், மின்பங்கீட்டைக் கவனிக்கும் சிப், மேற்கொண்டு யாரையும் கலந்தாலோசிக்காமல், கருவியை அணைத்துவிடுகிறது. சுமை நீங்கியதும் மின்னழுத்தம் மீள்வதால், கைப்பேசி ஒன்றுமே நடவாததுபோல் கம்பெனிச் சின்னத்தைக் காட்டிக்கொண்டு எழுகிறது.

அந்தத் திடீர்ப் பொழுது எங்கே வாய்க்கிறது என்று ஆராய்ந்தால், அது பெரும்பாலும் மளிகைக் கடைக் கல்லாவின் முன்னால் வாய்க்கக் காணலாம். கியூஆர் கோடைப் படிக்கக் கேமரா விழித்து, வெயிலில் தெரிவதற்காகத் திரை உச்ச ஒளிக்குப் போய், சிக்னல் மெலிந்த இடமாதலால் ரேடியோப் பகுதி முழு பலத்துடன் முழங்கி, பிராசசரும் முழு வேகத்துக்கு எழும்ப, நான்கும் ஒரே நேரத்தில் பேட்டரியின் கழுத்தைப் பிடிக்கின்றன. யுபிஐ ரகசிய எண்ணின் மூன்றாம் இலக்கத்தில் திரை கருத்துவிடுகிறது. பணம் வந்ததை ஊருக்கே கேட்கும்படி அறிவிக்க வேண்டிய சவுண்ட் பாக்ஸ் மௌனம் காக்க, பின்னால் நிற்பவர்கள் தொண்டையைச் செருமத் தொடங்க, எடை போட்டுக் கட்டிய துவரம்பருப்புப் பொட்டலம் கல்லாவின் இந்தப் பக்கம் வருவதா அந்தப் பக்கம் போவதா என்று தெரியாமல் நடுவில் நிற்கிறது.

ஆப்பிள் நிறுவனம் இதே சிக்கலுக்கு 2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 வழியாக ஒரு தீர்வு கண்டது: பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் கீழே விழாதிருக்கும்பொருட்டு அவற்றின் வேகத்தையே குறைத்தது. பொறியியல் நோக்கில் இது நியாயமான ஏற்பாடுதான். ஓசைப்படாமல் செய்ததே வினையாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் விஷயம் வெளிவந்து, நிறுவனம் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டு, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைக்க நேர்ந்தது.

பேட்டரிக்கு அடுத்தபடியாகச் சந்தேகிக்கத் தக்கது பவர் பட்டன். அதைச் சில நொடிகள் விடாமல் அழுத்தினால், மென்பொருள் எந்தக் கதியில் உறைந்து கிடந்தாலும் கருவி மறுபடி தொடங்கியாக வேண்டும் என்பது பல கைப்பேசிகளில் வன்பொருளிலேயே எழுதப்பட்ட விதியாதலால், இறுக்கமான பேக் கவர் ஒன்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால், கைப்பேசி விதிக்குக் கீழ்ப்படிகிறதே தவிர வேறொரு தவறும் செய்யவில்லை. கவரைக் கழற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. ஆயினும் அதற்குள்ளே முருகன் படமும், மடித்த ஐம்பது ரூபாய்த் தாளும், எதற்கென்று யாருக்கும் நினைவில்லாத ஒரு ரசீதும் குடியிருப்பதால், இச்சோதனை எப்போதும் கடைசியாகவே செய்யப்படுகிறது.

மென்பொருளைச் சோதிப்பதற்கு சேஃப் மோடு என்றொரு நிலை உண்டு. கருவியோடு பிறந்த ஆப்களை மட்டும் இயங்கவிட்டு, பின்னர் வந்து குடியேறியவற்றை முடக்கிவைக்கும் இந்நிலையில் கைப்பேசி நாள் முழுக்க நின்றுகாட்டினால், குற்றம் குடியேறியவற்றுள் ஒன்றின் மேல் என்று கொள்ளலாம். குற்றவாளி ஆப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2020-இல், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள செயின்ட் மேரி ஏரியின் அழகிய படமொன்றை வால்பேப்பராக வைத்த ஆண்ட்ராய்டு 10 கைப்பேசிகள் பல, எழுவதும் விழுவதுமாகச் சுழலத் தொடங்கின. படத்தின் ஒளியளவைக் கணக்கிடும் நிரல் 255-க்கு மேல் ஓர் எண் வரக்கூடும் என்று எதிர்பாராதிருக்க, படத்தின் நிற அமைப்பு அந்த வரம்பைத் தாண்டும் எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியதே காரணம். அழகின் மிகுதியால் கருவி மயங்கி விழுந்த நேர்வு, தொழில்நுட்ப வரலாற்றில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றால், ரிச்சி தெருவானாலும் தெருமுனைக் கடையானாலும், கைப்பேசி முதலில் செய்வது ஒழுங்காக இயங்குவது. அரை மணி நேரம் மேசை மேல் கிடந்து ஒருமுறைகூட விழாமல், கொண்டுவந்தவரைப் பொய்யராக்கிவிடுகிறது. தேர்ந்த பழுதுபார்ப்பவர் இதற்கு மயங்காமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிசி பவர் சப்ளையின் இரு முனைகளை போர்டில் பொருத்தி, எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கிறார். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில் கேமராவும் ஃபிளாஷும் இயங்கியும் கருவி அசையாமல் நின்றால் போர்டில் பழுதில்லை, பேட்டரி மாற்றினால் போதும். அதிலும் விழுந்தால் போர்டையே பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் தொகையைக் கேட்டபின் பெரும்பாலானோர் கைப்பேசியை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகின்றனர்.

வியப்பு என்னவென்றால், பழைய கைப்பேசிகள் நோயாகச் செய்துவந்ததைப் புதியவற்றுக்கு இப்போது பாடமாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கைப்பேசியை வாரம் ஒருமுறை அணைத்துப் போடும்படி அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2020-இல் அறிவுறுத்தியது. பூட்டியபடி மூன்று நாள் தொடர்ந்து கிடந்தால் தானே மறுதொடக்கம் கொள்ளும் ஏற்பாட்டை 2024-இல் ஐபோனும் 2025-இல் ஆண்ட்ராய்டும் பெற்றன. மறுதொடக்கத்துக்குப் பின் கைரேகை செல்லாது, பூட்டு எண்ணை அழுத்தினால் ஒழிய உள்ளிருக்கும் தரவு திறவாது என்பதே இதன் பயன். அவ்வகையில், வாரம் ஒருமுறை போதும் என்றிருக்க ஒரே பகலில் பலமுறை மறுதொடக்கம் கொள்ளும் அம்மாவின் கைப்பேசி, திருடனோ உளவாளியோ அண்டமுடியாத அரணாகிறது. அம்மாவாலும் அண்ட முடிவதில்லை. அந்த எண் பேரனுக்கு மட்டுமே தெரியும், அவன் பள்ளிவிட்டு வர மாலை நாலரை ஆகும்.