150 குதிரைக்கு எட்டு போல்ட்டு குறையுது

கோவை, கணபதி. லேத் சத்தத்துக்கு நடுவே ஒரு எஞ்சின் பட்டறை. மாருதி எஸ்டீமின் 1,298 சி.சி. எஞ்சினை வீட்டுக் கார் ஷெட்டில் அக்கக்காகக் கழற்றிப் போட்டுவிட்டு, லேப்டாப்போடு வந்து நிற்கிறார் பட்டியல்காரர். எதிரே பட்டறைக்காரர். அவரிடம் லேப்டாப் இல்லை. காதிடுக்கில் பென்சில் இருக்கிறது.

பட்டியல்காரர்: அண்ணா, எல்லாச் சாமானும் வந்துருச்சுங்க. நீங்க மாட்டிக் குடுத்தாப் போதும்.

பட்டறைக்காரர்: என்னென்ன வாங்குனீங்க தம்பி? படிங்க, கேக்கலாம்.

பட்டியல்காரர்: கம்பெனி எஞ்சின் 85 குதிரைங்க. ஏர் ஃபில்டர் 5, பிளக் வயர் 8, எக்ஸாஸ்ட் ஹெடர் 12, த்ராட்டில் பாடி 15, கேம்ஷாஃப்ட் 25. மொத்தம் 150.

பட்டறைக்காரர்: இந்தக் கணக்கெல்லாம் எங்க புடிச்சீங்க?

பட்டியல்காரர்: டப்பா மேலயே போட்டிருக்குதுங்களே.

பட்டறைக்காரர்: கூட்டல் சரிதானுங்க. அஞ்சு டப்பாவையும் அடுக்கி வெச்சுப் பெட்ரோல் ஊத்துனா 65 குதிரை ஓடுமாட்ட இருக்குது. எஞ்சினே வேண்டாம். அது கெடக்கட்டும், அந்த 150 உங்களுக்கு எந்த ஆர்.பி.எம்.ல வேணும்?

பட்டியல்காரர்: எல்லா ஆர்.பி.எம்.லயும்.

(பட்டறைக்காரர் பென்சிலை எடுத்து, கேஸ்கட் அட்டையின் பின்பக்கம் எழுதத் தொடங்குகிறார். பட்டியல்காரர் லேப்டாப்பை லேசாக மூடுகிறார்.)

பட்டறைக்காரர்: உங்க வண்டி 6000-ல 85 குதிரை குடுக்குது. அப்படின்னா அந்த இடத்துல முறுக்கு 101 நியூட்டன் மீட்டர். அதே 6000-ல 150 குதிரை வேணும்னா 178 வேணும். டர்போ இல்லாம 1,300 சி.சி.யில அது நடக்காது. உசிரக் குடுத்து ஹெட்டைத் தேய்ச்சு முறுக்கை 125-க்கு ஏத்துறோம்னு வைங்க. அப்பவும் 8500 சுத்துனாத்தான் 150.

பட்டியல்காரர்: சுத்தட்டுமுங்க! அதுக்குத்தானே கேம் வாங்கியிருக்குது.

பட்டறைக்காரர்: கேம் சுத்தும். ராட் என்ன பண்ணும்? 6000-க்கும் 8500-க்கும் ஒண்ணரை மடங்குகூட இல்லீங்க. ஆனா பிஸ்டன் மேல போய்த் திரும்பறப்ப ராட் மேல விழுகிற இழுப்பு, வேகத்தோட வர்க்கத்துல ஏறும். கணக்குப் போட்டா அப்படியே ரெண்டு மடங்கு. அந்த இழுப்பைத் தாங்கறது சிலிண்டருக்கு ரெண்டுன்னு எட்டே எட்டு ராட் போல்ட்டு. உங்க பட்டியல்ல அது எத்தனாவது வரியில இருக்குது?

பட்டியல்காரர்: பழைய போல்ட்டே நல்லாத்தானுங்க இருக்குது. துடைச்சு வெச்சிருக்கேன்.

பட்டறைக்காரர்: பளபளன்னு இருக்குங்களா?

பட்டியல்காரர்: ஆமாங்க.

பட்டறைக்காரர்: ராட் பிளாக்கைத் துளைச்சுக்கிட்டு வெளிய வர்றப்ப, போல்ட்டு பளபளன்னு ரோட்ல கெடக்கும். தேடி எடுக்கச் சுளுவு.

பட்டியல்காரர்: அண்ணா, பயமுறுத்தாதீங்க. சரி, கேமாச்சும் நல்ல கேமுங்களா? 300 டிகிரி! ஐடில்ல நின்னாலே வண்டி குதிக்குமாம்.

பட்டறைக்காரர்: குதிக்குங்க. அவிநாசி ரோட்டு சிக்னல்ல குதிச்சுக்கிட்டே நிக்கும். பச்சை விழுந்ததும் அணைஞ்சு போகும். அந்தக் கேம்ல இன்டேக் வால்வ் ரொம்ப லேட்டா மூடும். மெதுவா ஓடறப்ப, உள்ள வந்த கலவையைப் பிஸ்டன் திரும்ப வெளியவே தள்ளிப்போடும். அதை ஈடுகட்டக் கம்ப்ரஷனை ஏத்தணும். ஏத்துனா சாதா பெட்ரோலோட ஆக்டேன் பத்தாது, நாக்கிங் வரும். ஆளுக்கொரு வீட்டு மாப்பிள்ளையைப் புடிச்சு ஒரே பந்தியில உக்கார வெச்சுட்டா குடும்பம் ஆயிடுமாங்க? ஒருத்தனுக்கு இன்னொருத்தனத் தெரியாது.

பட்டியல்காரர்: ஆனா எல்லாமே நல்ல பிராண்டுங்க.

பட்டறைக்காரர்: எஞ்சினுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாதே தம்பி. கரிவர்தன் அந்தக் காலத்துல மாருதி 800 எஞ்சினை வெச்சே ஒத்தை சீட்டு ரேஸ் காரு பண்ணுனாரு. 796 சி.சி.! நம்ம ஊரு நரேன் கார்த்திகேயன் மொதல்ல ஓட்டுனதே...

பட்டியல்காரர்: அண்ணா, இதைப் போன வாரமும் சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும்.

பட்டறைக்காரர்: (சற்று நேரம் பென்சிலைச் சீவுகிறார்.) பிஸ்டன் எங்க?

பட்டியல்காரர்: இந்தாங்க. ஃபோர்ஜ்டு. 2618 அலாய்.

(பட்டறைக்காரரின் முகம் ஒரு கணம் கல்யாண வீடாகிறது. உடனே அதை மறைத்துக்கொள்கிறார். ஆனாலும் பிஸ்டனைக் கீழே வைக்க மனம் வரவில்லை.)

பட்டறைக்காரர்: சாமான் நல்ல சாமானுங்க. ஆனா இதுல சிலிக்கான் கம்மி, சூட்டுல நல்லா விரியும். வார்ப்புப் பிஸ்டனுக்கு விடற இடைவெளியில போட்டா இறுகிப் போகும். கூட விட்டா காலைல கொஞ்ச நேரம் டக்கு டக்குங்கும். அது பரவால்ல. போரை ஹோன் பண்ணி அளந்து, ரிங் கேப் பாக்கணும். 74 மி.மீ. போருக்கு 0.3-க்குக் கிட்ட. அப்புறம் களிமண் வேணும்.

பட்டியல்காரர்: எந்த பிராண்டுங்க? ஆர்டர் போட்டுடறேன்.

பட்டறைக்காரர்: குழந்தைக வெளையாடற களிமண்ணுங்க! அதைப் பிஸ்டன் தலையில அப்பி, ஹெட்டை மூடி, கையாலயே ரெண்டு சுத்து சுத்தி, திரும்பக் கழட்டணும். வால்வ் அமுக்குன பள்ளத்துல பிளேடை வெச்சு வெட்டி, மிச்சம் நிக்கிற மண்ணை அளக்கணும். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 இருந்தா நிம்மதி. இல்லைன்னா உங்க 300 டிகிரி கேமு வால்வைக் கொண்டுபோய்ப் பிஸ்டன்ல முட்ட வெக்கும்.

பட்டியல்காரர்: இத்தனையும் பண்ணுனா எத்தனை குதிரை கூடும்?

பட்டறைக்காரர்: ஒண்ணும் கூடாது.

பட்டியல்காரர்: அப்புறம் எதுக்குங்க?

பட்டறைக்காரர்: இருக்கறது சாகாம இருக்க. போரிங், பேலன்சிங், மெயின் பேரிங், வால்வ் ஸ்பிரிங், கேஸ்கட், ஆயில் பம்ப்... இதுக்கெல்லாம் என்ன எடுத்து வெச்சிருக்கீங்க?

பட்டியல்காரர்: (லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி) இங்க பாருங்க. ‘இதர செலவு: 2,000 ரூபாய்.’

(லேத் ஓட்டும் பையன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுப் போகிறான்.)

பட்டறைக்காரர்: வால்வ் கவருக்குப் பவுடர் கோட்டிங் எவ்வளவுங்க?

பட்டியல்காரர்: அது... ஒம்பதாயிரம். மேட் சிவப்பு.

பட்டறைக்காரர்: தம்பி, இதை ரோட்ல ஓட்டப் போறீங்களா, செட்டிபாளையம் கரி டிராக்குலயா?

பட்டியல்காரர்: வார நாள்ல ஆபீஸ், ஞாயித்துக்கிழமை டிராக்கு.

பட்டறைக்காரர்: அப்ப 8500-ஐ மறந்துருங்க. கேமை வித்துப்போட்டு அடக்கமான கேமா ஒண்ணு வாங்குங்க. 7000 சுத்தட்டும், 105, 110 குதிரை வரட்டும், தினமும் காலைல ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகட்டும். இழுப்பு அப்பவும் மூணுல ஒரு பங்கு கூடத்தான் இருக்கும். அதனால மொதல்ல போல்ட்டு. அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கங்க, எதுக்கு எழுத்துல அனுமதி வேணும்னு.

பட்டியல்காரர்: நண்பர்கள்கிட்ட 150-ன்னு சொல்லிட்டனுங்களே.

பட்டறைக்காரர்: டப்பாவைக் காட்டுங்க. அதுல அப்படித்தானே போட்டிருக்குது.

(பட்டியல்காரர் நெடுநேரம் யோசிக்கிறார். திரையில் சில வரிகளை அழிக்கிறார். அழிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.)

பட்டியல்காரர்: சரிங்கண்ணா. பிளக் வயர், த்ராட்டில் பாடி, கேம் மூணையும் வித்துடறேன். அந்தக் காசுல போல்ட்டு, பேரிங், உங்க கூலி.

பட்டறைக்காரர்: ஏர் ஃபில்டரையும் சேத்துக்குங்க. பானெட்டுக்குள்ள சூட்டுக் காத்தைக் குடிக்கிற கூம்பு அது. கம்பெனி டப்பாவே மேல். அதை எந்த ஏமாந்தவன் வாங்குவானோ!

பட்டியல்காரர்: ஆளு கெடச்சாச்சுங்க. வித்தா தனக்குத்தான்னு நேத்தே கேட்டு வெச்சிருக்காரு.

பட்டறைக்காரர்: யாருங்க அது?

பட்டியல்காரர்: உங்க பையனுங்க.