மேம்பாலத்தில் கார், அடுப்பில் உப்புமா

‘ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’ என்று வானிலை மையம் சொன்னால், அந்த ஓரிரு இடமும் பக்கத்துத் தெருதான் என்று முடிவுகட்டி, சென்னைக்காரர் மொட்டை மாடியில் துணி காயப்போடுவார். சிவப்பு எச்சரிக்கை என்றால் கதையே வேறு. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் என்பது மையத்தின் கணக்கு; நம் கணக்கில் அது ஆறு பாக்கெட் பால், மூன்று பிரெட், ஒரு கட்டு மெழுகுவத்தி.

2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். மழைக்கு முன்பே கார்களை மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றிவிட்டார்கள். சிரித்தவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இந்த ஊரில் இல்லாதவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

15ஆம் தேதி கொட்டியது. சிவப்பு எச்சரிக்கைக்குரிய 16ஆம் தேதியோ பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குக் கவலையில்லை, பள்ளி விடுமுறை முன்பே கைக்கு வந்தாயிற்று. ‘என்னய்யா, புயல் எங்கே?’ என்று கடன்காரனைத் தேடுவதுபோல் வானத்தைப் பார்த்தவர்கள் பெரியவர்கள்தான்.

எங்கள் வீட்டில் மூன்று நாள் பிரெட் உப்புமா.