கிளைச் சங்கத் தோற்றவியல்: நாற்காலி வழி ஓர் ஆய்வு

கிளை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் சுற்றம் என்றும் பொருள் உண்டு. மரக்கிளையும் மாமன் மச்சானும் ஒரே சொல்லில் அடங்கியது தற்செயல் என்று மொழிநூலார் சொல்லக்கூடும். எங்கள் ஊர் லயன்ஸ் சங்கத்தின் கிளையைப் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள். அங்கே தலைவரும் செயலாளரும் சம்பந்திகள். பொருளாளர் இருவருக்கும் பொதுவான பங்காளி.

கிளைச் சங்கம் ஏன் பிறக்கிறது? சேவையின் தேவை பெருகியதால் என்பது அழைப்பிதழ் தரும் விடை. அழைப்பிதழைச் சான்றாகக் கொள்ளும் அளவுக்கு ஆய்வுலகம் இன்னும் தாழவில்லை. என் கருதுகோள் இது: தலைவர் நாற்காலி ஒன்றுதான்; பதவிக்காலம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. முப்பது பேர் உள்ள சங்கத்தில் கடைசி ஆளுக்கு முறை வர முப்பது ஆண்டு ஆகும். நாற்பது வயதில் சேர்ந்தவர் எழுபதில் மாலை வாங்கலாம், முழங்கால் ஒத்துழைத்தால். இந்தப் புழுக்கமே ஒரு கட்டத்தில் பக்கக்கன்று விடுகிறது.

பக்கக்கன்று என்றதும் வாழை விவசாயிகள் நிமிர்வார்கள். தாய்மரத்தடியில் எழுவதில் ஈட்டி போலக் குறுகிய இலை விடுவதுதான் நடவுக்கு ஆகும். அகன்ற இலையோடு பார்வைக்குச் செழித்து நிற்கும் நீர்க்கன்று ஆகாது. இங்கே இலையின் அகலம் என்பதை பிளெக்ஸ் பேனரின் அகலம் என்று கொள்க.

இனி விதிமுறை. முழு லயன்ஸ் சங்கம் தொடங்க 20 பேர் வேண்டும். கிளைக்கு 5 பேர் போதும். அந்த ஐவரும் தாய்ச் சங்கத்தின் உறுப்பினர்களாகவே கணக்கில் இருப்பார்கள். தாய்ச் சங்கம் ஒருவரைத் தொடர்பாளராக அனுப்பும், தனிக்குடித்தனம் போன மகன் வீட்டுக்கு மாமியார் வந்து தங்குவதைப் போல. ஐவரில் மூவர் தலைவர், செயலாளர், பொருளாளர். மிச்சம் இருவர்தான் அச்சங்கத்தின் பொதுமக்கள். அவர்களில் ஒருவருக்கு வரவேற்புரை, மற்றவருக்கு நன்றியுரை. ஆக, ஐவரும் மேடையில். கீழே அமர்ந்து கைதட்ட ஒருவரும் இல்லை. இதற்குப் ‘பார்வையாளர் வெற்றிடம்’ என்று பெயரிட்டுள்ளேன். பின்வருவோர் என் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம்.

ரோட்டரியில் இதற்கு நிகரானது சாட்டிலைட் கிளப். அதற்குக் குறைந்தது 8 பேர். அதை நடத்துபவரை பிரசிடென்ட் என்று அழைப்பதில்லை, ‘சேர்’ என்கிறார்கள். நாற்காலியின் பெயரையே பதவிக்கு வைத்த பிறகு என் கருதுகோளுக்கு வேறு சான்று எதற்கு?

ஒரு சங்கடம் உண்டு. 1905இல் சிகாகோவில் ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸ் அதன் முதல் தலைவர் அல்ல. அது சில்வெஸ்டர் ஷீலி. ஹாரிஸுக்கு முறை வந்தது 1907இல். அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் பிறந்தது. 1917இல் லயன்ஸைக் கூட்டிச் சேர்த்த மெல்வின் ஜோன்ஸும் வேறொருவரைத் தலைவராக்கிவிட்டுச் செயலாளராக இருந்துகொண்டார். நிறுவியவர்களே நாற்காலிக்கு அவசரப்படவில்லை. இத்தகைய எதிர்ச்சான்றை அடிக்குறிப்பில் புதைப்பது மரபு. எனக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வேகமாகக் கடக்கிறேன்.

இன்னொன்றையும் கடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. இருபது பேர் திரட்ட முடியாத சிற்றூர்களுக்கும் ஆகட்டும் என்றுதான் இந்த ஐவர் ஏற்பாடு. எங்கள் கிளை, நாளுக்கு இரண்டு தடவை மட்டும் பேருந்து வரும் ஒரு ஊரில் கண் சிகிச்சை முகாம் நடத்தியது. 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுக்கு வந்து கேட்டுக்கொண்ட நாள் முதல் அவர்களுக்குக் கண்தான் முக்கியம். விடியலிலேயே வரிசையில் உட்கார்ந்துவிட்ட பாட்டிகள் யார் தலைவர் என்று கேட்கவில்லை. “ஆபரேசனுக்கு எப்பய்யா வண்டி வரும்?” என்று மட்டும் கேட்டார்கள். அன்று சம்பந்திகள் இருவரும் மதியம்வரை நின்றுகொண்டே இருந்தார்கள். இந்தத் தரவு என் கோட்பாட்டில் எங்கும் பொருந்தவில்லை.

ஐந்தாவது உறுப்பினர் மகன் வீட்டோடு பெங்களூரு போய்விட்டதால், அந்த இடத்துக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆய்வாளர் ஆய்வுப் பொருளுக்குள் இறங்கக் கூடாதுதான். ஆனால் நாலு பேர் என்றால் கிளை நிற்காது. வருகிற ஞாயிறு மாலை பதவியேற்பு விழா, நன்றியுரை எனக்கு. வாசகர்கள் அவசியம் வர வேண்டும். கீழே நிறைய இடம் இருக்கிறது.