இரண்டு ஸ்பிரிங், ஒரு பர்ஸ்

கேள்வி: குறைந்த பட்ஜெட்டில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள் வாங்கலாமா? சக்கரம் 27.5 அங்குலமா, 29-ஆ?

பதில்: 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே வழக்கு நடந்தது. 29 அங்குலச் சக்கரம், இரட்டை சஸ்பென்ஷனோடு வந்த செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவிக்குத் தங்கம். பின் சஸ்பென்ஷனே இல்லாத 27.5-ஐ ஓட்டிய சுவிஸ் வீரர் நினோ ஷுர்ட்டருக்கு வெள்ளி. வித்தியாசம் ஒரே நொடி. அந்த ஒரு நொடிக்காக வீட்டில் சண்டை வேண்டாம்!

ரிம் விட்டத்தைப் பாருங்கள்: 26 அங்குலத்துக்கு 559 மி.மீ., 27.5-க்கு 584, 29-க்கு 622. நடுவர் வேஷம் போடும் 27.5 உண்மையில் 26-இன் பக்கத்து வீட்டுக்காரர். கல்லும் வேரும் தாண்ட 29 சுலபம், குள்ளமானவர்களுக்கு 27.5 வசதி.

வில்லன் பட்ஜெட்தான். மிக மலிவான மாடல்களில் பின்னால் இருப்பது பெரும்பாலும் துள்ளலை அடக்கும் டேம்பிங் இல்லாத வெறும் ஸ்பிரிங். மிதிக்கும்போதெல்லாம் சீட் குனிந்து வணக்கம் போடும். அதே காசுக்கு நல்ல முன் ஃபோர்க் உள்ள, பின் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் உத்தமம்.

இரட்டைதான் வேண்டுமென்றால், செகண்ட் ஹேண்ட். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. ஷாக்கில் எண்ணெய் கசியக் கூடாது. சர்வீஸுக்கும் பணம் ஒதுக்குங்கள்: ஷாக் தயாரிக்கும் ஃபாக்ஸ் நிறுவனம் 125 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கேட்கிறது.