எதிர்பார்ப்பது யார்?

ஆனி மாதத்தில் தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூர்க்காரர் மேற்கே மலையைப் பார்த்துவிட்டு "சாரல் விழும்" என்பார். சந்தேகமாக இருந்தால் "விழலாம்" என்பார். வயலில் கார் நெல் நிற்கிறதென்றால் "இன்னைக்காவது விழணும்" என்பார். கணிப்பு, ஐயம், வேண்டுதல் மூன்றையும் வினையின் வாலே சொல்லிவிடுகிறது. அதே சாரல் அச்சுக்குப் போனால் மூன்று வாலும் அறுந்து, "சாரல் எதிர்பார்க்கப்படுகிறது" என்று வெளிவருகிறது. எதிர்பார்ப்பது யார்? நெல்காரரா, குற்றாலத்து லாட்ஜ்காரரா? அருவியில் தண்ணீர் அளவுக்கு மிஞ்சினால் குளிக்கத் தடை விழும். அந்தத் தண்ணீரை லாட்ஜ்காரர் எதிர்பார்க்கவே மாட்டார்.

இந்த வழக்கு ஆங்கில 'எக்ஸ்பெக்ட்' வீட்டுச் சரக்கு. ஆங்கிலத்தில் அது ஆரூடமும் சொல்லும், அதட்டவும் செய்யும், கர்ப்பிணியையும் குறிக்கும். 1805-இல் டிராஃபல்கர் போருக்கு முன் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், ஒவ்வொருவனும் கடமையைச் செய்வான் என்று இங்கிலாந்து 'நம்புகிறது' என்றுதான் கப்பல்களுக்குக் கொடிச் செய்தி ஏற்றச் சொன்னார். அந்தச் சொல்லுக்குக் குறியீட்டுப் புத்தகத்தில் கொடி இல்லை. எழுத்தெழுத்தாக ஏற்ற வேண்டும். 'எக்ஸ்பெக்ட்' என்றால் தயாராக இருக்கிறது என்றார் கொடி அதிகாரி பாஸ்கோ. கொடிப் பஞ்சத்தில் நம்பிக்கை உத்தரவாகிவிட்டது. நம் 'எதிர்பார்' இப்படிக் கண்ட வேலைக்கும் போகிற வினையல்ல. வருகிறவரின் வழியைப் பார்த்து நிற்கிற வினை, அதில் கொஞ்சம் ஆசை கலந்திருக்கும். அதனால்தான் "பலி எண்ணிக்கை உயரும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று படிக்கும்போது, யாரோ வாசலில் ஆவலோடு நிற்பதுபோல் திக்கென்கிறது. "எதிர்பாராத விதமாக லாரி மோதியது" இன்னொரு வேடிக்கை. எதிர்பார்த்தபடி மோதுகிற லாரியும் உண்டு போல! பதினாறு கை நரசிம்மர் குடியிருக்கும் கீழப்பாவூரில் யோசித்தால், 'எதிர்பாராத விதமாக' என்ற தொடர் முழுசாகப் பொருந்துவது, தூணை அறைந்து அதிலிருந்து நரசிம்மர் வெளிவரக் கண்ட இரணியன் ஒருவனுக்குத்தான்.

அறிவியல் கணிப்புக்கு இப்படியொரு நடுநிலையான சொல் வேண்டாமா என்று கேட்கலாம். வானிலை மையத்தின் தமிழ் அறிக்கையையே பாருங்கள்: "மழை பெய்யக்கூடும்." கீழப்பாவூர்க்காரரின் 'லாம்' வகையறாதான். 2025-இல் கேரளத்தில் பருவமழை மே 27-இல் தொடங்கும், நாலு நாள் முன்பின் ஆகலாம் என்று அவர்கள் சொன்னார்கள். மே 24-இல் தொடங்கியது. எவ்வளவு தவறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் கணிப்பு. 'எதிர்பார்க்கப்படுகிறது' அந்த நாலு நாளையும் சொல்லாது, சொன்னவரையும் காட்டாது. பொய்த்துப்போனால் கேள்வி கேட்க ஆளே கிடைக்காது. அது பிழைத்திருப்பதன் ரகசியம் அதுதான் என்பது என் சந்தேகம். மொழி என்றால் மாறத்தானே செய்யும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. புதுப்படத்துக்கு 'பெரும் எதிர்பார்ப்பு' என்று எழுதினால் ஒப்புக்கொள்கிறேன். அங்கே விடியற்காலையிலேயே தியேட்டர் வாசலில் உண்மையாகவே ஆள் நிற்கிறது. ஆனால் "சீசனுக்குக் குற்றாலத்தில் கூட்டம் அலைமோதும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதுமுன் நிருபர் பேரருவி வரை ஒரு நடை போய்வரலாம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருக்கும் பழக்கடைக்காரர் எதிர்பார்க்கிறார் என்று பெயரோடு எழுதலாம். பக்கத்தில் விசிலோடு நிற்கும் போலீஸ்காரர் அதே கூட்டத்தை நினைத்துப் பயப்படுகிறார் என்பதையும் அடுத்த வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.