ஸ்ட்ராட் பிரபுவும் வழிநூல் மரபும்: ஓர் ஆய்வு

முன்னுரை

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் 1974இல் வெளிவந்த நாள்முதல் தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலை இக்கட்டுரை தீர்த்துவைக்கிறது. இத்தனை ஆண்டுகள் இதை யாரும் தீர்க்காமல் விட்டுவைத்தது இவ்வாய்வாளர் செய்த பாக்கியம்.

சிக்கலாவது: ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் (இனி டி.எம்.) காசு கொடுத்து ஒரு சாகச நூலை வாங்குகிறார். அதில் கோட்டை இருக்கிறது, கொடியவன் இருக்கிறான், வரைபடம் இருக்கிறது, எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை எலும்புக்கூடுகள் என்பதுவரை இருக்கிறது. இல்லாதவர்கள் அதை ஆடப் போகிறவர்கள் மட்டுமே. அவர்களோ நூலின் அட்டையைக்கூடப் பார்க்காமல், தத்தம் பாத்திரங்களைத் தனியே எழுதிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். ஒருவர் நாடிழந்த இளவரசர். ஒருவர் பூனை முகமும் இடுப்பில் மூன்று கத்தியும் உடையவர். ஒருவர் பாடகர், கதவைக் கண்டாலும் காதலிப்பவர்.

இவர்களுக்கும் நூலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்த உறவை உண்டாக்கும் வேலை டி.எம். தலையில் விழுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதே ஆய்வுப் பொருள்.

ஆய்வு எல்லை

எல்லா நூல்களையும் எடுத்துக்கொண்டால் ஆய்வு முடியாது, ஆட்டமும் தொடங்காது. ஆகவே விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்னும் 256 பக்க நூல் ஒன்றே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதற்கு மூலம், டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் எழுதி 1983இல் வெளிவந்த ‘ரேவன்லாஃப்ட்’.

கதை சுருக்கமானது. ஸ்ட்ராட் வான் ஸரோவிச் என்னும் பிரபு பரோவியாப் பள்ளத்தாக்கை வென்றான். தம்பி செர்கேய்க்கு நிச்சயமான டாட்யானா மீது ஆசைப்பட்டான். கல்யாண நாளன்று தம்பியைக் கொன்றான். அவள் கோட்டையிலிருந்து குதித்துவிட்டாள். அன்றுமுதல் அவன் ரத்தக்காட்டேரி. அவள் மீண்டும் மீண்டும் பிறக்கிறாள். அவனும் மீண்டும் மீண்டும் துரத்துகிறான். இப்பிறவியில் அவள் பெயர் ஐரீனா. ஊர்த்தலைவரின் வளர்ப்பு மகள்.

இந்நூலை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மற்ற சாகசங்களில் ஆட்டக்காரரின் முன்கதைக்கு இடமில்லை என்றால் கப்பலேறி அவர் சொந்த ஊருக்கே போய்விட்டு வரலாம். பரோவியாவைச் சுற்றி மூடுபனி. உள்ளே யாரும் வரலாம். ஆட்டக்காரர் யாரும் வெளியே போக முடியாது. ‘என் தந்தையைக் கொன்ற துறைமுக அதிகாரியைப் பழிவாங்குவேன்’ என்று சபதம் எடுத்து வந்தவர் முதல் அமர்விலேயே துறைமுகமே இல்லாத நாட்டில் மாட்டிக்கொள்கிறார். நோய் முற்றிய இடத்தில் மருந்தைச் சோதிப்பதே ஆய்வு நெறி.

கருதுகோள்

ஆய்வாளர் தாமே இயற்றிய நூற்பா வருமாறு:

இல்லது சேர்க்கேல்; உள்ளதைத் திரிக்க;
கொடியோன் வேட்கை குலையாது ஓம்புக;
பெயரே பெயரும், பிறவெலாம் நிற்கும்.

இதன் பொருள்: ஆட்டக்காரரின் பாத்திரத்துக்காக நூலில் புதிதாக ஆளைச் சேர்க்காதே. ஏற்கெனவே நூலில் நிற்கும் ஒருவரை அந்தப் பாத்திரத்துக்கு உறவாக்கு. வில்லன் எதை விரும்புகிறான் என்பதில் மட்டும் கைவைக்காதே.

என்னை? புதிதாக ஒரு சித்தப்பாவைச் சேர்த்தால், அவருக்கு வீடு வேண்டும், குரல் வேண்டும், அவர் மேடைக்கு வர ஒரு காட்சி வேண்டும். நான்கு ஆட்டக்காரருக்கு நான்கு சித்தப்பாக்கள் சேர்ந்தால் ஸ்ட்ராடுக்கு வாய் திறக்க நேரம் கிடைக்காது. நூலில் உள்ள ஆளுக்கோ வீடு, குரல், காட்சி மூன்றும் அச்சகத்திலேயே தயார். அவரைச் சித்தப்பா ஆக்க ஒரு பென்சில் போதும்.

முன்னோடிகள்

ஆட்டக்காரருக்காக நூலை வளைப்பது புதுமை என்று சிலர் கருதக்கூடும். வரலாறு வேறாகச் சொல்கிறது.

ஆட்டத்தைப் படைத்த இருவருள் ஒருவரான டேவ் ஆர்னஸன் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஒருவர் சர் ஃபேங் என்ற ரத்தக்காட்டேரியாக ஆடி, அடக்க ஆளில்லாமல் வளர்ந்துவிட்டார். அவரை அடக்கவே சிலுவை பிடித்த பூசாரிப் பாத்திரம் உண்டாயிற்று. இன்று ‘கிளெரிக்’ என்று விதிநூலில் கம்பீரமாக நிற்கும் வகை, ஒற்றை ஆட்டக்காரரின் அட்டகாசத்துக்குச் செய்த ஏற்பாடாகப் பிறந்தது.

ஹிக்மன் தம்பதியரின் ரேவன்லாஃப்டும் அச்சுக்குப் போகுமுன் ஹாலோவீன்தோறும் வீட்டில் நண்பர்களோடு ஆடப்பட்டது. அதாவது ‘மூலம்’ என்று நாம் கும்பிடுவதே யாரோ சில நண்பர்களுக்கு ஏற்பத் தேய்ந்து வழவழப்பானது.

மூன்றாவது சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது. 2016 நூலில் பாரடோக் மலையருகே புத்தி பேதலித்துத் திரியும் மந்திரவாதி வேறு யாருமல்லர், மோர்டன்கைனன். இவர் ஆட்டத்தைப் படைத்த மற்றொருவரான கேரி கைகாக்ஸ் தாமே ஆடிய பாத்திரம். ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் அச்சிட்ட நூலிலேயே குடியேறிவிட்டது என்றால், உங்கள் வீட்டு ஆட்டக்காரருக்கு மட்டும் என்ன தடை?

பாத்திரப் பகுப்பு

ஆய்வாளரின் சாப்பாட்டு மேசையைக் களமாகக் கொண்டு நோக்கியதில் பாத்திரங்கள் நான்கு வகைப்படும்.

அனாதர்: தாய் தந்தை இருவரையும் முன்கதையின் முதல் பத்தியிலேயே கொன்றுவிட்டு வருபவர். டி.எம். உறவினரை வைத்து மிரட்டக் கூடாதே என்னும் முன்னெச்சரிக்கை.

பெருங்கதையர்: மூன்று தலைமுறை வரலாறு எழுதி, அதை டி.எம். படித்தாரா என்று நடு ஆட்டத்தில் கேள்வி கேட்பவர்.

மறதியர்: ‘எனக்கு எதுவும் ஞாபகமில்லை’ என்பதே முன்கதை. இது நினைவிழப்பு அன்று, வீட்டுப்பாடம் செய்யாமை.

முன்னறிவர்: திகில் ஆட்டம் என்று கேள்விப்பட்டு, பேய் பிடித்தவராகவே வருபவர். இந்நூலின் பிற்சேர்க்கை ‘ஹான்டட் ஒன்’ என்று ஒரு பின்னணியையே தருவதால், நால்வரும் அதையே எடுத்து, ஸ்ட்ராட் வந்து பயமுறுத்துமுன் ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொள்வதும் உண்டு.

வழிநூல் முறைகள் நான்கு

முதல்நூலைத் தழுவி எழும் வழிநூலைத் தொல்காப்பிய மரபியல் நான்காக வகுக்கும்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். பரோவியாவுக்கு இவ்வளவு பொருந்தும் பகுப்பு வேறில்லை.

தொகுத்தலாவது, இரண்டு ஆட்களை ஒருவராக்குதல். நூலின்படி ஐரீனாவுக்கு இஸ்மார்க் என்று ஓர் அண்ணன். தந்தை இறந்துகிடக்க, தங்கையை வல்லாக்கி ஊருக்கு அழைத்துப் போகும்படி வந்த வழிப்போக்கரிடம் மன்றாடுவதே அவன் வேலை. ஆட்டக்காரர் ஒருவர் ‘எனக்கு ஒரு தங்கை உண்டு’ என்று எழுதியிருந்தால் இஸ்மார்க்கின் நாற்காலியில் அவரையே உட்கார வைத்துவிடலாம். முன்பு பிறர் தங்கைக்குக் காவல் போக எவ்வளவு கூலி என்று கேட்டவர், இப்போது கூலியைப் பற்றி மூச்சு விடமாட்டார். கதையில் ஒரு வரியும் கூடவில்லை. ஓர் ஆள் குறைந்திருக்கிறது.

விரித்தலாவது, நூல் சில பத்திகளில் கடந்துபோவதை ஊதிப் பெரிதாக்குதல். வல்லாக்கிக்கு வெளியே காசிமிர் என்னும் முதிய எல்ஃப் வாழ்கிறார். ஸ்ட்ராடை மணக்கத் துணிந்த, தம் உடன்பிறந்த பேட்ரினாவைக் கல்லால் அடித்துக் கொல்ல முன்னின்றவர் அவரே. பதிலுக்கு ஸ்ட்ராட் அவ்வினப் பெண்கள் அனைவரையும் கொன்றான். குழுவில் எல்ஃப் யாரும் இல்லையென்றால் இது கடந்துபோகும் துயரம். ஒருவர் இருந்து, அவர் பாட்டி பேட்ரினாவின் தோழி என்றாகிவிட்டால், அடுத்த ஐந்து அமர்வுகளுக்கு டி.எம். தனியாக எதுவும் தயாரிக்க வேண்டியதில்லை.

தொகைவிரியாவது, ஓரிடத்தில் சுருக்கி ஓரிடத்தில் பெருக்குதல். இது அனாதருக்கு உகந்த மருந்து. வல்லாக்கியில் புளூ வாட்டர் விடுதி நடத்துவது மார்டிகோவ் குடும்பம். அண்டங்காக்கையாக மாறக்கூடியவர்கள். விடுதி நடத்தும் மகன் உர்வினுக்கும் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தந்தை டேவியனுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அனாதரை இக்குடும்பத்தில் சிறுவயதில் தொலைந்த பிள்ளையாக்கிவிட்டால், பெற்றோர் கொலை என்ற முதல் பத்தி சுருங்குகிறது. பெரியப்பா, சித்தி, பேச்சுவார்த்தை நின்றுபோன தாத்தா என்று மீதி விரிகிறது. உலகில் தனக்கு யாருமில்லை என்று மார்தட்டி வந்தவர், சொத்தோடு சேர்த்து ஒரு பங்காளிச் சண்டையையும் பெற்றுக்கொள்கிறார். இதைவிடக் கொடிய சாபம் ஸ்ட்ராடிடம்கூட இல்லை.

மொழிபெயர்த்தலாவது, ஆட்டக்காரர் வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பரோவியாவின் வழக்குக்கு மாற்றுதல். பாலடின் என்னும் அறவீரர் ஒருவர் தமக்கென ஒரு வீரர் சங்கத்தைக் கற்பனை செய்திருந்தால், அது ஆர்கின்வோஸ்ட்ஹோல்ட் மாளிகையின் வெள்ளி டிராகன் சங்கத்தின் கிளையாகட்டும். அவர் ஆவலோடு அங்கே போனால், செத்தும் சாகாத முன்னோர் நிற்கிறார்கள். ஸ்ட்ராட் சாகக் கூடாது, என்றும் உழல வேண்டும் என்பது அவர்கள் நிலை. தம் சங்கமே தம்மைத் தடுப்பதைக் கண்ட பாலடின் அன்றிரவு தூங்கமாட்டார், டி.எம். தூங்கலாம்.

ஆயுதங்களும் இம்முறையில் அடங்கும். ஸ்ட்ராடை வீழ்த்த உதவும் ரேவன்கைண்ட் புனிதச் சின்னத்தை நூல் விதிப்படி நற்குணம் உடைய கிளெரிக்கோ பாலடினோ மட்டுமே தமதாக்கிக்கொள்ள முடியும். குழுவில் நால்வரும் திருடர்களாக இருந்தால்? அதை ஏந்தத் தகுந்தவரை டி.எம். தாமே தீர்மானித்துவிட வேண்டும். விதி மீறல் என்பார்க்கு விடை: நால்வரையும் திருடர்களாக வர அனுமதித்த அன்றே விதி போய்விட்டது.

சீட்டுச் சிக்கல்

மேடம் ஈவா என்னும் மூதாட்டி டரோக்கா சீட்டுப் போட்டுக் குறி சொல்கிறாள். கட்டில் 54 சீட்டுகள். அது இல்லாவிட்டால் ஜோக்கர் இரண்டையும் சேர்த்து வீட்டுச் சீட்டுக்கட்டே போதும். ஐந்து சீட்டுகள் எடுக்கப்படும். மூன்று, அரும்பொருள்கள் இருக்கும் இடம். நான்காவது, துணைக்கு வருபவர். ஐந்தாவது, ஸ்ட்ராடைச் சந்திக்குமிடம்.

இங்கே அறிஞர் இரு பிரிவு. ஆட்டக்காரருக்குப் பொருந்தும் சீட்டு வரும்படி முன்பே அடுக்கி வைக்கலாம் என்பார் அடுக்குவோர். விதியோடு விளையாடாதே என்பார் குலுக்குவோர். இவ்வாய்வு இருவரையும் சமாதானம் செய்கிறது: சீட்டை நேர்மையாகக் குலுக்குக; எந்த இடம் வருகிறதோ அந்த இடத்தில் நிற்கும் ஆளை மாற்றுக. குறியும் பொய்க்கவில்லை, கையும் கறைபடவில்லை.

மறுப்பும் விடையும்

அற்றேல், 1983 நூலில் ஸ்ட்ராடின் நோக்கமே சீட்டால் முடிவாயிற்றே. வேட்கையைக் குலைக்காதே என்பது மூலத்துக்கே மாறாகாதோ எனின், ஆகாது. 2016 நூலார் அதை விட்டுவிட்டு ஐரீனாவின் மீதான வெறியை நிலைப்படுத்தினர். மூலம் சொன்னது, வழிநூல் திருத்தியது, திருத்தம் நம் பக்கம். கொடியவனுக்கு ஆசை ஒன்றாக இருந்தால்தான் அவன் எங்கே அடிப்பான் என்று ஆட்டக்காரர் கணிக்க முடியும். கணிக்க முடிந்தால்தான் பயம் வரும்.

இனி, ஆட்டக்காரரின் அன்புக்குரியவரை எந்த வேடத்திலும் போடலாமோ எனின், கூடாது. காற்றாலையில் மோர்கந்தா என்னும் கிழவி கனவு தரும் பணியாரம் சுட்டு விற்கிறாள். மாவில் சிறுவர் எலும்பு. ‘என் பாட்டி நன்றாகச் சுடுவாள்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் டி.எம்.மின் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்க. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் உட்கார்ந்து பேசும் அமர்வில் கேட்டுவிட வேண்டும். பாட்டி விஷயத்தில் அனுமதி வாய்மொழியாக மட்டும் போதாது என்பது ஆய்வாளர் கருத்து.

ஆய்வு முடிவுகள்

ஒன்று, அச்சிட்ட சாகசம் முதல்நூல். மேசையில் நடப்பது வழிநூல். வழிநூலுக்கு முதல்நூலை விட்டு விலக உரிமை உண்டு, மறக்க உரிமை இல்லை.

இரண்டு, நல்ல டி.எம். எழுத்தாளர் அல்லர், கல்யாணத் தரகர். நூலிலுள்ள ஆளையும் ஆட்டக்காரரின் பாத்திரத்தையும் பொருத்தம் பார்த்து முடித்துவைப்பதோடு அவர் வேலை முடிந்தது.

மூன்று, மறதியர்க்கு எந்த முறையும் பலிக்காது. அவர்களை ஸ்ட்ராட் முதலில் கடிப்பானாக.

மேலாய்வு செய்ய விரும்புவோர் கதவைக் காதலிக்கும் பாடகரை எடுத்துக்கொள்ளலாம். அக்களம் அகலமானது, இவ்வாய்வாளரிடம் அதற்குரிய பொறுமை இல்லை.

இனி ஸ்ட்ராடை நடத்தப் போகும் வாசகருக்கு: நூலைப் பிரிக்குமுன் ஆட்டக்காரர் ஒவ்வொருவரிடமும், ‘உங்கள் பாத்திரம் யாருக்காக ராத்திரியில் தனியாக வெளியே போகும்?’ என்று மட்டும் கேளுங்கள். வரும் பெயரை நூலின் ஓரத்தில் உரிய ஆளுக்குப் பக்கத்தில் குறித்துவையுங்கள். பென்சிலால் குறியுங்கள். அடுத்த வாரம் அவர் வேறு பாத்திரத்தோடு வருவார்.